காலை பத்தரைக்கு 17: கண் அழுத்தத்தின் மற்ற நேரங்கள்

ஊத்தான் மெலிந்தாங்கிலோ பாகான் டத்தோ பக்கத்துத் தோட்டத்திலோ குளுக்கோமாவுக்கு, அதாவது பார்வை நரம்பு மெல்லக் கெடும் கண் நோய்க்கு, சொட்டு மருந்து விடும் ஒருவரிடம் “கண்ணு பிரஷர் எப்படி?” என்று கேட்டால், “பதினேழு, நல்லாத்தான் இருக்கு” என்பார். அந்தப் பதினேழு எத்தனை மணிக்கு எடுத்தது என்று கேட்டால் யோசிப்பார். தெலுக் இந்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் நம்பர் எடுத்து, எழுத்துப் பலகை படித்து, பெயர் கூப்பிடும்வரை உட்கார்ந்து, முகவாயைக் கருவியில் வைக்கும்போது மணி பத்து, பத்தரை ஆகியிருக்கும். நான்கு மாதம் கழித்து மறுபடியும் அதே பத்தரை. ஆண்டுக்கு மூன்று எண்கள், மூன்றும் ஒரே வேளையில் எடுத்தவை. கண்ணுக்குள் அழுத்தமோ ஒரே நாளில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கண் பிரஷரும் இரத்தக் கொதிப்புக்குப் பார்க்கும் பிரஷரும் வேறு வேறு. இரண்டுக்கும் அளவு மி.மீ. பாதரசம்தான் என்பதால் பலருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. கையில் பட்டை கட்டிப் பார்க்கும் அழுத்தம் 120, 80 என்று வரும். கண்ணில் 10 முதல் 21 வரை வழக்கமான எல்லை. கொதிப்பு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதால் கண் அழுத்தம் கட்டுக்குள் இருப்பதாக நினைத்துச் சொட்டு மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு. இது பார்வையைப் பறிக்கும் தவறு.

கண்ணின் முன்பகுதி அறையில் ஒரு தெளிநீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. இது வெளியே வருவதில்லை. பகலில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2.5 மைக்ரோலிட்டர் சுரக்கும். அறையின் கொள்ளளவு கால் மில்லிலிட்டர்தான். ஆகவே இரண்டு மணி நேரத்துக்குள் பழைய நீர் முழுதும் போய்ப் புது நீர் வந்துவிடும். போகும் வழி, விழியின் ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற வடிகால். அங்கிருந்து கண்ணின் மேல்பரப்பில் ஓடும் சின்னச் சிரைகளில் சேர்ந்து இரத்தத்தில் கலக்கிறது.

கடலோரத் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். செம்பனைக்கு நடுவே ஓடும் பாரிட்டில் (வாய்க்காலில்) தண்ணீர் மட்டத்தை மூன்று விஷயம் தீர்மானிக்கும்: மேலிருந்து எவ்வளவு வருகிறது, பாரிட் எவ்வளவு தூர்ந்திருக்கிறது, மதகுக்கு அந்தப் பக்கம் ஆறு எந்த உயரத்தில் நிற்கிறது. குளுக்கோமாவில் தூர்ந்துபோவது வடிகால். ஆறு என்பது அந்தச் சிரைகளின் அழுத்தம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் இரவின் புதிர் விளங்கும். தூங்கும்போது தெளிநீர்ச் சுரப்பு பகலில் இருந்ததில் பாதியாகக் குறைகிறது. அப்படியென்றால் அழுத்தமும் இறங்க வேண்டும். இறங்குவதில்லை, பெரும்பாலோருக்கு ஏறுகிறது. காரணம், படுத்தவுடன் தலைக்குப் போன இரத்தம் நிற்கும்போது இறங்குவதுபோல் எளிதாகக் கீழே இறங்குவதில்லை. சிரைகளில் அழுத்தம் கூடுகிறது. மழையே பெய்யாத ராத்திரியிலும் கடல் ஏறினால் பாரிட்டில் தண்ணீர் தேங்கி நிற்குமே, அது மாதிரி. உட்கார்ந்திருந்தவர் படுத்தாலே 2 முதல் 4 மி.மீ. கூடுவது சாதாரணம், குளுக்கோமா உள்ள சிலருக்கு அதற்கும் மேல். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சான் டியாகோவில் தூக்க ஆய்வகம் ஒன்றில் ஆட்களைத் தங்கவைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று 24 மணி நேரமும் அளந்து பார்த்தார்கள். உச்சம் பெரும்பாலும் இரவில், படுத்திருக்கும் நேரத்தில் வந்தது. பகல் நேரக் கிளினிக் மட்டும் நடத்துகிறவர்கள் அந்த உச்சத்தைப் பார்க்க வழியே இல்லை.

நல்ல கண்ணிலும் ஏற்ற இறக்கம் உண்டு. ஒரு நாளில் 3 முதல் 6 மி.மீ. வரை மாறும். குளுக்கோமா கண்ணில் 10 மி.மீ.க்கும் மேல் மாறலாம். வடிகால் நன்றாக இருந்தால் கூடுதலாக வருவதை உடனே வெளியேற்றிவிடும். தூர்ந்த வடிகாலுக்கு அந்தத் திறன் இல்லை. ஒரு கற்பனைக் கணக்கு: விடியற்காலை படுக்கையில் 25, ஏழு மணிக்கு 22, பத்தரைக்கு 17, மாலை நான்குக்கு 15. தோட்டத்துக்காரர் நான்கரைக்கு எழுந்து, ஆறு மணிக்குப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போய்விடுகிறவர். அவருடைய உச்சம் வீட்டிலேயே முடிந்துவிட்டது. டாக்டர் பார்த்தது 17. பார்வைப் பரப்புப் பரிசோதனையில் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு இருட்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும். “பிரஷர் நல்லா இருக்கே, அப்புறம் ஏன்?” என்ற கேள்விக்குப் பதில் பல நேரம் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் ஏற்ற இறக்கம் தனியாகவே நரம்பைக் கெடுக்கிறதா, அல்லது சராசரி அதிகமாக இருப்பதுதான் கெடுக்கிறதா என்பதில் நிபுணர்கள் ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவில் முற்றிய குளுக்கோமாவை வைத்து நடந்த ஏஜிஸ் ஆய்வு 2000-இல் வெளியிட்ட முடிவில், ஒவ்வொரு வருகையிலும் 18-க்குக் கீழே இருந்த கண்களில் பார்வைப் பரப்பு சராசரியாக நிலைத்து நின்றது. சுவீடனின் மால்மோவை மையமாகக் கொண்டு நடந்த ஆய்வோ, அழுத்தம் ஒவ்வொரு மி.மீ. குறையும்போதும் நோய் முற்றும் ஆபத்து சுமார் 10 விழுக்காடு குறைகிறது என்று காட்டியது. அதே குழு 2007-இல், சராசரியைக் கணக்கில் எடுத்த பிறகு ஏற்ற இறக்கத்துக்குத் தனிப் பங்கு தெரியவில்லை என்றது. எங்கள் பார்வையில் சராசரிதான் முதலில் கவனிக்க வேண்டியது. ஆனால் ஆண்டுக்கு மூன்று பத்தரை மணி எண்களை வைத்துக்கொண்டு சராசரியைச் சொல்ல முடியாதே! ஏற்ற இறக்கத்தைப் பற்றிக் கவலைப்பட இந்த ஒரு காரணமே போதும்.

இன்னொன்று, இரவில் கண் அழுத்தம் ஏறும்போது இரத்த அழுத்தம் இறங்குகிறது. பார்வை நரம்புக்கு இரத்தம் போகும் தள்ளுவிசை இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான். கண் அழுத்தம் 21-ஐத் தாண்டாமலே நரம்பு கெடும் வகைக் குளுக்கோமாவில் இது முக்கியம். கொதிப்பு மாத்திரையைப் படுக்கும்போது போட்டு இரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்துபோகிறவர்களுக்கு நரம்பு இரண்டு பக்கமும் இடிபடுகிறது. நம் ஊரில் கொதிப்பு, இனிப்பு நீர் மருந்துகள் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில்), கண் மருந்து ஆஸ்பத்திரியில். ஒரு டாக்டர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இரண்டு இடத்து மருந்துகளையும் ஒரே பையில் போட்டு இரண்டு இடத்திலும் காட்டுங்கள். மாத்திரை நேரத்தை நீங்களே மாற்றாதீர்கள், கேட்டு மாற்றுங்கள்.

அளக்கும் விதத்திலும் பிழை உண்டு. நீல விளக்கில், மஞ்சள் சாயம் விட்டு, விழியின் கண்ணாடிப் படலத்தை மெல்லத் தொட்டு அளப்பது கோல்ட்மன் கருவி. தொடும் வட்டத்தின் விட்டம் 3.06 மி.மீ. நம்பகமானது இதுதான். ஆனால் இதிலும் இரண்டு பேர் அளந்தால் 2 மி.மீ. வித்தியாசம் வரும். காற்று ஊதும் கருவி கண்ணிமைக்கும் நேரத்தில் அளந்துவிடுகிறது. இதயத் துடிப்போடு கண் அழுத்தமும் துடிப்பதால், குறைந்தது மூன்று முறை ஊதிச் சராசரி எடுக்க வேண்டும். கண்ணாடிப் படலம் மெல்லியதாக இருந்தால் எண் உண்மையைவிடக் குறைவாகவும், தடித்திருந்தால் அதிகமாகவும் காட்டும். அதனால் தடிமனை ஒரு முறையாவது அளந்து குறிப்பேட்டில் எழுதிவைப்பது நல்லது. லேசிக் (லேசர் பார்வைத் திருத்தம்) செய்தவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொள்வது, கண்ணை இறுக்குவது, கழுத்துப் பொத்தான் இறுகியிருப்பது, பருத்த உடம்போடு எட்டி முகவாயை வைப்பது, இவை எல்லாமே எண்ணை ஏற்றும். மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

ஆகவே 16 இருந்தது 18 ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. 16 இருந்தது 24 ஆனால் காரணம் தேட வேண்டும். அந்தத் தேடலுக்கு உதவுவது ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். தேதி, அளந்த நேரம், கடைசிச் சொட்டு விட்ட நேரம், வலது, இடது, எந்தக் கருவி, இந்த ஆறும் போதும். தெமு ஜஞ்சி (அப்பாய்ன்மெண்ட்) வாங்கும்போது, “போன தடவை பத்தரை, இந்தத் தடவை எட்டு மணிக்குக் கிடைக்குமா?” என்று கேளுங்கள், அடுத்தது மதியம் இரண்டு மணிக்கு. கொடுக்க முடிந்தால் கொடுப்பார்கள். செலவில்லாமல் கிடைக்கும் நல்ல தகவல் இது. நோய் முற்றுவதாகச் சந்தேகம் வந்தால் டாக்டரே ஒரு நாள் முழுக்க உட்காரவைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அளக்கச் சொல்வார்; அதற்கு ஃபேஸிங் என்று பெயர். அன்று சாப்பாடும் தண்ணீரும் தைலமும் கொண்டுபோவதைவிட முக்கியம், சொட்டு மருந்தை வழக்கமான நேரத்தில் விடுவது. வீட்டிலேயே அளக்கும் ஐகேர் கருவிகளும் உண்டு; விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது.

அப்பாய்ன்மெண்ட் நாளில் நடக்கும் தவறு இரண்டு வகை. விடியற்காலையில் கிளம்பும் அவசரத்தில் காலைச் சொட்டை விட மறந்துவிடுவார்கள், எண் ஏறும், டாக்டர் மருந்து பற்றவில்லை என்று நினைத்து இன்னொரு மருந்து சேர்ப்பார். மற்ற வகை இன்னும் மோசம்: மூன்று மாதம் அங்கொன்றும் இங்கொன்றுமாக விட்டு, கடைசி வாரம் மட்டும் ஒழுங்காக விடுவது. எண் அழகாக வரும். நரம்போ அந்த மூன்று மாதத்துக்கும் வட்டி கட்டும்.

இனி மருந்துகளின் நேரம். லட்டனோப்ரோஸ்ட் வகைச் சொட்டு இரவில் ஒரு தடவை. விட்டு 8 முதல் 12 மணி நேரத்தில் வேலை உச்சத்துக்கு வரும். இரவு ஒன்பதுக்கு விட்டால் காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை, மேலே சொன்ன விடியற்காலை உச்சத்தின்மேல் சரியாக விழும். இரவிலும் பகலிலும் வேலை செய்யும் என்பதால்தான் டாக்டர்கள் இதை முதலில் எழுதுகிறார்கள். மறந்துவிட்டால் அடுத்த நாள் இரண்டு சொட்டு விடக்கூடாது. இந்த மருந்தை அடிக்கடி விட்டால் பலன் கூடாது, குறையவே செய்யும். டிமோலோல் சுரப்பைக் குறைக்கிற மருந்து. தூக்கத்தில் சுரப்பு ஏற்கெனவே பாதியாகிவிட்டதால் இரவில் அதற்குப் பெரிதாக வேலை இல்லை. பிரிமோனிடினும் இரவில் பலவீனம். டோர்சோலமைட், பிரின்சோலமைட் இரண்டும் இரவிலும் கொஞ்சம் தாங்கும். ஆஸ்துமா இருந்தாலோ நாடித் துடிப்பு மெதுவாக இருந்தாலோ டிமோலோல் ஆகாது. இனிப்பு நீர்க்காரர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை அது மறைத்துவிடும். கண்ணில் விடும் சொட்டுதானே என்று நினைக்க வேண்டாம், மூக்கு வழியாக உடம்புக்குள் போகிறது.

செம்பனை ஆலையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு ‘படுக்கும்போது விடுங்கள்’ என்ற அறிவுரை உதவாது. ஒரு வாரம் இரவில் தூங்குவார், மறு வாரம் பகலில். சொட்டைத் தூக்கத்தோடு கட்டாமல் கடிகாரத்தோடு கட்ட வேண்டும். பகல் ஷிஃப்ட் வாரத்தில் வீடு திரும்பியதும் எட்டு மணிக்கு, இரவு ஷிஃப்ட் வாரத்தில் கிளம்புமுன் மாலை ஆறு மணிக்கு. இரண்டு மணி நேர வித்தியாசம் பெரிதாகப் பாதிக்காது; பன்னிரண்டு மணி நேரம் தள்ளிப்போவதுதான் பாதிக்கும்.

விடும் முறை: கையைக் கழுவி, அண்ணாந்து பார்த்து, கீழ் இமையை இழுத்துப் பையாக்கி ஒரே ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும், இமைப் பையில் அவ்வளவு இடமில்லை. பிறகு கண்ணை மெல்ல மூடி, மூக்கோரத்து உள்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்துங்கள். மருந்து மூக்குக்கு இறங்காது. கண்ணைச் சிமிட்டினால் பம்பு அடித்த மாதிரி வெளியேறிவிடும். இரண்டு மருந்து இருந்தால் இடையே ஐந்து நிமிடம். இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். பிரின்சோலமைட் குப்பியைக் குலுக்கிவிட்டு விட வேண்டும்.

குப்பியைக் கெடுப்பது நம் ஊர் வெயில். திறக்காத லட்டனோப்ரோஸ்ட் பெரும்பாலும் ஐஸ்பெட்டியில், 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். திறந்த பிறகு 25 டிகிரி வரை தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும். தகரக் கூரை போட்ட லயத்து வீட்டில் மதியம் 30-ஐத் தாண்டிவிடும். ஐஸ்பெட்டிக் கதவுத் தட்டில் வையுங்கள், உறைபெட்டியில் வேண்டாம். மோட்டார் சைக்கிள் கூடையிலும் சாமி மாடத்து விளக்கருகிலும் கூடவே கூடாது. திறந்த தேதியைக் குப்பியில் எழுதி, மருந்தைப் பொறுத்து நான்கு முதல் ஆறு வாரத்தில் தூக்கிப் போடுங்கள், மிச்சம் இருந்தாலும். 2.5 மில்லிலிட்டர் குப்பியில் ஏறக்குறைய 80 சொட்டு இருக்கும். இரண்டு கண்ணுக்கும் தினம் ஒன்று என்றால் நாற்பது நாள். அது மூன்று வாரத்தில் தீர்ந்தால் சொட்டு வெளியே விழுகிறது என்று அர்த்தம். அடுத்த மாதக் குப்பியைப் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானிலேயே வாங்கிக்கொள்ள எஸ்பியுபி என்ற ஏற்பாடு உண்டு. மருந்தகக் கவுண்டரில் முன்கூட்டியே பதிந்தால், மருந்துக்காக மட்டும் தெலுக் இந்தானுக்குப் போக வேண்டியதில்லை.

பகல் வேலையில் அழுத்தத்தை ஏற்றுபவை: மூச்சைப் பிடித்துக்கொண்டு கனம் தூக்குவது முதலாவது. இருபது கிலோ செம்பனைக் குலையை வண்டியில் ஏற்றும்போது மூச்சை வெளியே விட்டபடி தூக்க வேண்டும். வெட்டி முடித்த தாகத்தில் ஒன்றரை லிட்டர் போத்தலை ஒரே மூச்சில் காலிசெய்வதும் கூடாது. ஐந்து நிமிடத்தில் ஒரு லிட்டர் குடிக்கவைத்து அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது கண் மருத்துவத்தில் ஒரு பரிசோதனையாகவே இருக்கிறது. அதற்காகத் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். வெயிலில் அது வேறு ஆபத்து. ஒரு குவளை, சிறிது நேரம் கழித்து இன்னொரு குவளை. கோப்பி, தே தாரேக் ஏற்றுவது 1, 2 மி.மீ.தான், அதற்காகக் கடைக்குப் போவதை நிறுத்த வேண்டாம். சிரசாசனத்தை மட்டும் நிறுத்துங்கள். சென்னை சங்கர நேத்ராலயா 2006-இல் வெளியிட்ட ஆய்வில், தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் இரண்டு மடங்கானது. ஓபோ, டிரம்பெட் போல எதிர்ப்பை மீறி ஊத வேண்டிய வாத்தியங்களிலும் ஊதும் நேரத்தில் அழுத்தம் ஏறுவதை அளந்திருக்கிறார்கள். நாதஸ்வரமும் சீவாளி வைத்து ஊதும் வாத்தியம் என்பதால், குளுக்கோமா உள்ள வித்வான் டாக்டரிடம் தன் தொழிலைச் சொல்லிவிடுவது நல்லது. நடப்பது இறக்கும். குப்புறப் படுத்தால் ஏறும். ஒருக்களித்துப் படுத்தால் கீழே இருக்கும் கண்ணில் ஏறும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து உயர்த்தினால் சிலருக்கு 2, 3 மி.மீ. இறங்கும். தலையணையை மட்டும் அடுக்கினால் கழுத்து மடங்குமே தவிர, பலன் கிடைக்காது.

நோட்டில் எண் திடீரென்று ஏறி, சொட்டும் ஒழுங்காக விட்டிருந்தால், அடுத்த சந்தேகம் ஸ்டீராய்டு. கண் சிவப்புக்குக் கடையில் வாங்கிய சொட்டு, மூட்டு வலிக்குச் சந்தையில் வாங்கிய மாஜுன், ஜாமு. பதிவில்லாத பாரம்பரிய மருந்துகளில் டெக்சாமெத்தசோன் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மூட்டு வலி பறந்துவிடும். சில வாரத்தில் கண் அழுத்தம் எகிறும். பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதுவரை சொன்னது வடிகால் திறந்திருந்தும் தூர்ந்துபோன வகை. வடிகாலின் வாயே மூடிக்கொள்ளும் வகை வேறு; அது ஆசிய மக்களிடம் அதிகம். இதில் ஏற்றம் மாலையில், வெளிச்சம் மங்கும்போது வரும். கண்பாவை விரிந்து, ஓரத்தில் சுருங்கிய திரை (பாவையைச் சுற்றியுள்ள நிற வளையம்) வடிகாலை அடைத்துவிடும். விளக்கைச் சுற்றி வானவில் வளையம், நெற்றிப்பொட்டில் வலி. தூங்கினால் பாவை சுருங்குவதால் தானாகவே சரியாகிவிடும். மறுநாள் கிளினிக்கில் அளந்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஒற்றைத் தலைவலி என்று பனடோல் கொடுத்து அனுப்பப்பட்டவர்களில் சிலர் இவர்கள்தான். சில சளி மாத்திரைகளும் பாவையை விரித்து இதைத் தூண்டும். ஒருநாள் அது திறக்காமலே போய்விட்டால் அழுத்தம் 40, 50 என்று ஏறி, கண் சிவந்து, வாந்தி எடுத்து, பார்வை புகைமூட்டமாகும். அப்போது மணிக்கணக்கில்தான் அவகாசம். அவசரப் பிரிவில் வாந்தி என்று மட்டும் சொன்னால் வயிற்று மருந்துக்குப் போய்விடும். கண் வலி, விளக்கைச் சுற்றி வளையம், வாந்தி என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். அழுத்தத்தை இறக்கிய பிறகு லேசரால் திரையில் ஒரு சிறு துளை போடுவார்கள். அடுத்த கண்ணுக்கும் போட வேண்டும் என்பார்கள். அது நன்றாகத்தானே இருக்கிறது என்று மறுக்காதீர்கள், அதன் வடிகாலும் அதே அளவு குறுகியதுதான்.